ஈய எழுத்து

புதிய பலகை வந்ததிலிருந்து எனக்கு நேரம் மிஞ்ச ஆரம்பித்தது. பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

முன்பு எக்ஸ்ரே எடுக்கக் கேசட். முழங்காலுக்குப் பின்னால் கேசட்டை நிறுத்தி, கதிரை விட்டு, கேசட்டைத் தூக்கிக்கொண்டு இருபத்திரண்டு அடி நடந்து, மூலையில் இருக்கும் இயந்திரத்தின் வாயில் செருக வேண்டும். அது தொண்ணூறு விநாடி முனகும். பிறகு படம் வரும். ஆள் அசைந்திருந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளைக்கு அறுபது பேர். ஐந்து மணிக்குக் கால் கழன்றுவிடும். வீட்டுக்குப் போய் விழுந்தால் தூக்கம்.

பலகை மூன்று கிலோ. ஒயர் கிடையாது. கதிர் பட்ட மூன்றாவது விநாடி திரையில் படம். பழைய அளவில் பாதிக் கதிர் போதும். எலும்புக்குள் ஓடும் வலைப்பின்னல்கூடத் தெரிகிறது. மூட்டுச் சந்தில் முடி அளவு இடைவெளி இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். குறை சொல்ல ஒன்றுமில்லை. அறுபது பேரும் இரண்டு மணிக்குள் முடிந்துவிடுகிறார்கள். இரண்டிலிருந்து ஐந்து வரை என்ன செய்வது என்று பலகையோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கவில்லை.

பலகையைத் துடைத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடி பலகை.

"துடைச்சுத் துடைச்சு அதுக்கும் தேய்மானம் வந்துடப் போகுதுப்பா. அப்புறம் அதுக்கு யாரு ஆபரேஷன் பண்றது?" என்றார் அக்கா.

அக்கா எங்கள் பிரிவின் தலைவர். இருபத்தாறு வருட அனுபவம். மருத்துவமனை முழுக்க அவருக்கு ஈயக்கா என்று பெயர். கதிர் தடுக்கும் ஈய அங்கியை டீ குடிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

எனக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். பலகையைத் தூக்கிக்கொண்டு வார்டுகளுக்கு நானே வலியப் போக ஆரம்பித்தேன். நகர முடியாத நோயாளிகளுக்குப் படுக்கையிலேயே படம். இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி, மறுபடி இரண்டாம் மாடி. லிஃப்ட் இருந்தும் படியில். வார்டு சிஸ்டர் என்னைப் பார்த்ததும் குரல் கொடுப்பார். "மூணு செகண்டு வந்தாச்சு. எல்லாரும் மூச்சைப் பிடிங்க."

என் மனைவி ஏழு மாதத்துக்கு முன் இறந்தாள். தலைவலி என்றாள். நான்கு நாள். மூளையில் ரத்தக்குழாய். நான் பார்ப்பது எலும்பு. அவள் எலும்பில் ஒரு குறையும் இல்லை.

அவளுடைய அம்மா தினமும் காலை பதினோரு மணிக்குப் போன் செய்வார். "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" "ஆச்சு அத்தை." அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் பேசத் தெரியவில்லை.

*

புதன்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு இரண்டாம் மாடி ஆண்கள் வார்டில் இருந்தேன். ஜன்னலோரப் படுக்கையில் ஒருவருக்கு இடுப்புப் படம் எடுத்து முடித்தேன். பலகையை உறையில் போடும்போது பக்கத்துப் படுக்கையிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, என்னைத் தெரியுதா? திங்கக்கிழமை என்னை நிக்க வச்சு போட்டோ புடிச்சீங்களே."

பச்சை அங்கி, தலையில் துணித் தொப்பி. அறுபது வயதிருக்கும். தையல்காரர். அந்த வாரப் பட்டியலில் அவர் தொழில் அப்படித்தான் எழுதியிருந்தது. நாற்பது வருடம் மிஷின் மிதித்த முழங்கால்கள். பக்கத்தில் அவர் மகள், மடியில் பையோடு.

"இன்னைக்கு பத்து மணிக்கு ஆபரேஷன். புது முட்டி போடறாங்க" என்றார். "ஒண்ணுதான். ரெண்டுக்கும் துணி பத்தாதாம்."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "காலைலேருந்து இப்படித்தான். பயம் வந்துட்டா இவருக்கு வாய் நிக்காது."

அவர் போர்வையை விலக்கினார். இடது முழங்காலுக்கு மேல் ஊதா மசியில் ஓர் அம்புக்குறி. மருத்துவர் கையெழுத்து.

"இடதா?" என்றேன். சும்மாதான் கேட்டேன்.

"நானும் அதையேதான் கேட்டேன். எனக்கு வலதுதான் ரொம்ப நோகும். படி இறங்கறப்ப உயிர் போயிடும். டாக்டர் சொன்னார், படத்துல இடதுதான் எலும்போட எலும்பு ஒட்டிக்கிட்டு இருக்காம். வலது இன்னும் பத்து வருஷம் தாங்குமாம். இடது கெட்டதால பாரமெல்லாம் வலதுக்குப் போயி வலிக்குதாம். நமக்கென்ன தெரியும்? காலுக்குள்ள போய்ப் பார்த்தமா? நீங்கதான் பார்த்தீங்க."

நான் பலகையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

படியில் முதல் திருப்பத்தில் நின்றேன். நான் படியில் நிற்பதில்லை.

திங்கட்கிழமை. அவர் வந்தது நினைவிருக்கிறதா? இருக்கிறது, அந்தத் தொப்பி இல்லாத தலை, கழுத்தில் மறந்துபோய்த் தொங்கிய அளவு நாடா. அதைக் கழற்றச் சொன்னேன். அதன் பிறகு என்ன செய்தேன் என்று தேடினால் வேறொன்றுதான் வந்தது. அத்தையின் போன். அன்றைக்கு அவர் சாப்பாட்டோடு நிறுத்தவில்லை.

"மாப்பிள்ளை, அவ பீரோவை நான் வந்து ஒழிச்சுத் தரட்டுமா?"

"ம்."

"ம்முன்னா சரின்னா, வேண்டாம்னா?"

வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். திங்கட்கிழமையில் எனக்கு மிஞ்சியது அது மட்டும்தான்.

*

கீழே போய்க் கணினியில் தையல்காரரின் படங்களைத் திறந்தேன். உட்காரவில்லை.

வலது முழங்கால் என்று ஒரு படம். சந்து குறுகியிருக்கிறது, மோசமில்லை. இடது முழங்கால் என்று இன்னொன்று. உள்பக்கம் சந்தே இல்லை. எலும்பின் மேல் எலும்பு. மருத்துவர் சொன்னது சரி. படம் சொல்வது அதுதான்.

ஆனால் வலது, இடது என்று சொல்வது யார்?

முன்பெல்லாம் ஈய எழுத்து சொன்னது. விரல்நகம் அளவு ஈயத் துண்டு. வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. கேசட்டின் மூலையில் பிளாஸ்திரியால் ஒட்டுவோம். எலும்போடு சேர்ந்து எழுத்தும் படத்தில் விழும். படத்தை யாராவது திருப்பிப் போட்டால் எழுத்தும் திரும்பிக் கோணலாகிவிடும். அதை ஏமாற்ற முடியாது.

பலகையைப் பொருத்த வந்த பொறியாளர் முதல் நாளே அதைச் சிரித்துக்கொண்டு ஒதுக்கினார். "இதெல்லாம் இனிமே வேண்டாம் மேடம். திரையில ரெண்டு கட்டம் வரும். முதல்ல வலது, அடுத்து இடது. முதல் படம் முதல் கட்டத்துல போய் உக்காந்துக்கும். எழுத்தை அதுவே போட்டுடும்." அக்கா ஈயத் துண்டுகளை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். "உங்க கட்டம் உங்களோட இருக்கட்டும். இது என்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

எனக்கு ஒன்பது வருடப் பழக்கம் ஒன்று உண்டு. நோயாளி எந்தக் காலை முன்னால் கொண்டுவருகிறாரோ அதை முதலில் எடுப்பேன். வலிக்கிற ஆளிடம் இந்தக் கால், அந்தக் கால் என்று வாதாடுவதில்லை. கேசட்டில் எழுத்தை மாற்றி ஒட்டினால் போயிற்று.

தையல்காரர் இடது காலை முதலில் கொடுத்திருந்தால்? அது வலது கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

அப்படியானால் படமே காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். கீழ்க்காலில் இரண்டு எலும்பு. ஒன்று தடி, ஒன்று மெலிது. மெலிந்தது எப்போதும் வெளிப்பக்கம். மாறி விழுந்த படத்தில் அது தப்பான பக்கத்தில் நின்றிருக்கும். இந்தப் படங்களில் இரண்டும் சரியான பக்கத்தில்தான் இருந்தன. மூச்சு வந்தது.

கணினி எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொள்ளும். யார், எப்போது, எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்று. அந்தப் பட்டியலைத் திறந்தேன்.

பதினொன்று நான்கு: படம் இடவலமாகத் திருப்பப்பட்டது. பதினொன்று ஐந்து: படம் இடவலமாகத் திருப்பப்பட்டது. இரண்டுக்கும் என் எண்.

அதாவது மெலிந்த எலும்பு தப்பான பக்கத்தில்தான் வந்திருக்கிறது. நான் படத்தைத் திருப்பிச் சரியாக்கியிருக்கிறேன். கை தானாகச் செய்திருக்கும். அதற்கும் காரணம் உண்டு. சிலரை முதுகு பலகையில் படும்படி நிறுத்துவோம், சிலரை முழங்கால் பலகையில் படும்படி, பலகையைப் பார்த்து. பலகையைப் பார்த்து நின்றவரின் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறித்தான் வரும். அதைத் திருப்பித்தான் ஆக வேண்டும். தினமும் பத்துப் படம் திருப்புகிறேன்.

எனவே ஒரே கேள்வி. தையல்காரர் பலகையைப் பார்த்து நின்றாரா, முதுகு காட்டி நின்றாரா? பார்த்து நின்றிருந்தால் நான் செய்தது சரி. முதுகு காட்டி நின்றிருந்தால் கால் மாறியிருக்கிறது. பொய்யான எழுத்துக்கு ஏற்றபடி எலும்பையே திருப்பி வைத்திருக்கிறேன்.

எனக்கு நினைவில்லை. சுவரைப் பார்த்தேன். ஒன்பது ஐந்து.

*

மறுபடி படி. இந்தத் தடவை கையில் பலகை இல்லை.

"என்ன தம்பி, இன்னொரு போட்டோவா?"

"இல்லைங்க. ஒண்ணு கேக்கணும். திங்கக்கிழமை எந்தக் காலை முதல்ல வச்சீங்க?"

அவர் யோசித்தார். "நீங்க நில்லுங்கன்னீங்க, நின்னேன். காலை யாரு பார்த்தா?"

மகள் என்னையே பார்த்தாள். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். நிக்கும்போது முகம் எந்தப் பக்கம் இருந்துது? அந்த வெள்ளைப் பலகையைப் பார்த்தா?"

"பலகையா? நான் பார்த்தது காலண்டரை." அவர் சிரித்தார். "உங்ககிட்ட சொல்லணும்னு நினைச்சேன். ரெண்டு மாசம் பழசு. ஊரெல்லாம் முன்னாடி போயிடுச்சு, உங்க ரூம் மட்டும் அங்கேயே நிக்குது. நீங்க போன்ல இருந்தீங்க. சரி, எதுக்குன்னு விட்டுட்டேன்."

காலண்டர் கதிர்க்குழாய்க்குப் பின்னால், பலகைக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. அதைக் கிழிப்பது என் வேலை.

காலண்டரைப் பார்த்தவர் பலகைக்கு முதுகு காட்டித்தான் நின்றிருக்க முடியும்.

"உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள் மகள்.

"இல்லம்மா. வந்துடறேன்."

படியில் இறங்கும்போது ஒன்று தோன்றியது. மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு காலும்தானே கெட்டிருக்கிறது. எதை முதலில் செய்தால் என்ன? அவரே இடது என்று ஒப்புக்கொண்டுவிட்டார். இன்னொன்றை அடுத்த வருடம் செய்துகொள்வார். யாரும் பட்டியலைத் திறந்து பார்க்கப் போவதில்லை. பதினொன்று நான்கு, பதினொன்று ஐந்து என்று யார் தேடுவார்கள்?

பத்து வருடம் தாங்கக்கூடிய முழங்காலை இன்றைக்கு வெட்டி எறிவார்கள். நோகிற கால் நொந்துகொண்டே இருக்கும். அவர் மறுபடி வந்து நிற்பார். "படி இறங்கறப்ப இன்னும் உயிர் போகுது தம்பி" என்பார். நான் பலகையைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

*

அக்கா அறையில் ஈய அங்கியோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். மூன்று வாக்கியம். டம்ளரை வைத்துவிட்டார்.

"திருப்பினியா? ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

"படம் தப்பா வந்தா ஆளைத் திரும்பிப் பார்க்கணும்ப்பா. படத்தைத் திருப்பக் கூடாது. உனக்கு நான் சொல்லித் தரணுமா?"

"தேவையில்லக்கா."

அவர் கதவைச் சாத்தினார். குரல் இறங்கியது.

"இது மூணாவது. ஒருத்தி மணிக்கட்டை இன்னொருத்தி நம்பர்ல போட்ட, நான் மாத்தினேன். ஒருத்தனுக்கு எடுத்ததையே ரெண்டாவது தடவை எடுத்த, நான் ஆள் அசைஞ்சுட்டான்னு எழுதினேன். பாவம், பிள்ளை அடிபட்டுக் கெடக்கறானேன்னு. ஆனா இது கால் மாறின கேஸ். இதை என்னால மூட முடியாது. விசாரணை முடியற வரைக்கும் உன்னை வீட்டுல உக்கார வச்சுடுவாங்க. ரெண்டு வாரமோ, மேலயோ. தெரியும்ல?"

தெரியும். படி இறங்கும்போது நினைத்ததில் அதுவும் இருந்தது. வேலை போகும் என்று பயமில்லை. வீட்டில் உட்கார வைப்பார்கள் என்றுதான். ஏழு மாதமாக அந்த வீட்டில் பகல் வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய் அதே பஸ்ஸில் திரும்புவேன். படுக்கை அறைக்குள் போவதில்லை. கூடத்தில் சோபா. பீரோ படுக்கை அறையில் இருக்கிறது.

"அக்கா, அந்த டப்பாவைக் குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுத்தார். கொடுக்கவில்லை. தன் அங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"நட. நானும் வரேன். தனியாப் போனா அந்த ஆள் உன்னைக் கடிச்சுத் துப்பிடுவார்."

*

முட்டி டாக்டர் மூன்றாம் மாடி அறுவை அரங்கின் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தார். நல்ல மருத்துவர். கோபமும் நன்றாக வரும். ஒன்பது நாற்பது.

"சார், பத்து மணி கேஸ். கால் மாறியிருக்கலாம்."

"யாரோட கால்?"

"பேஷண்டோடது. படத்துல. என் தப்பு."

அவர் குழாயை மூடினார். நான் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசவில்லை. கட்டம், திருப்பியது, காலண்டர். காலண்டரில் மட்டும் புருவம் ஏறியது.

"நேத்து அந்தக் காலைப் பிடிச்சு மடக்கிப் பார்த்தேன். ரெண்டும் ஒரே மாதிரி கரகரன்னுது. அந்த ஆள் வலதுங்கறார். படம் இடதுங்குது. நான் படத்தை நம்பினேன். ஆளை நம்பல." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் பரவாயில்லை. "இந்தப் பலகையை வாங்கச் சொல்லி மேல எழுதினவன் நான். தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார்."

"அந்த ஈயத்தை யாரு எடுத்தது?"

"யாரும் எடுக்கல டாக்டர்" என்றார் அக்கா. பையிலிருந்து டப்பாவை எடுத்துக் குலுக்கினார். "இங்கதான் இருக்கு."

"எடுங்க படத்தை. இங்கயே. இப்பவே."

தையல்காரரைத் தள்ளுகட்டிலில் கொண்டுவந்தார்கள். மகள் கூடவே வந்து கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் நடமாடும் கதிர்க்குழாயை உருட்டிக்கொண்டு வந்தேன். அக்கா பலகையின் மூலையில் பிளாஸ்திரியால் ஈய எழுத்தை ஒட்டினார். ஒட்டிவிட்டு விரலால் இரண்டு தடவை அழுத்தினார்.

"என்ன தம்பி, அளவு மாறிடுச்சா?" என்றார் தையல்காரர்.

"நான் மாத்திட்டேங்க. வலதை இடதுன்னு போட்டுட்டேன்னு நினைக்கறேன். மறுபடி பார்க்கறோம்."

அவர் முகத்தில் சிரிப்பு நின்றது. கண் மட்டும் அம்புக்குறிக்குப் போய் வந்தது. எதுவும் சொல்லவில்லை. வாய் நிற்காது என்று மகள் சொன்ன ஆள்.

"வலது காலை நீங்களே கையால தட்டிக் காமிங்க ஐயா" என்றார் அக்கா.

தட்டினார். அந்த முழங்காலுக்கு அடியில் பலகையை வைத்தேன். எல்லோரும் பின்னால் போனார்கள். பொத்தானை அழுத்தினேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.

கைத்திரையில் படம் வந்தது. மூலையில் வெள்ளையாக வலது எழுத்து, நேராக. மெலிந்த எலும்பு வெளிப்பக்கம். உள்பக்கம் சந்து இல்லை. எலும்பின் மேல் எலும்பு.

எழுத்தை மாற்றி ஒட்டி இடதையும் எடுத்தேன். அதில் சந்து இருந்தது.

மருத்துவர் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து இடது முழங்காலின் அம்புக்குறியைத் தேய்த்தார். மசி சீக்கிரம் போகவில்லை. ஊதா தோலில் இழுபட்டது. பிறகு பேனாவை வாங்கி வலதில் போட்டார். தையல்காரரிடம் குனிந்தார்.

"நீங்க சொன்னதுதான் சரி. வலது. இப்பவும் செய்யலாம். பயமா இருந்தா இன்னொரு நாள் வச்சுக்கலாம். உங்க இஷ்டம்."

அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு வக்கீலோட கோட்டு தைச்சேன்" என்றார். "ரெண்டு கையையும் மாத்தி வச்சுத் தைச்சுட்டேன். அவரும் பார்க்காம மாட்டிக்கிட்டு கோர்ட்டுக்குப் போயிட்டார். கையை மேல தூக்கவே முடியல. கேஸ் தோத்துப் போச்சு." நிறுத்தினார். "எனக்கு அன்னைக்கே தெரியும். மடிச்சுக் குடுக்கறப்பவே ஏதோ உறுத்துச்சு. அவர் அவசரமா இருந்தார், நான் வாயைத் திறக்கல. கோட்டுங்கறதால பிரிச்சுத் தைச்சுக் குடுத்தேன்."

மருத்துவரிடம் திரும்பினார். "இன்னைக்கே பண்ணிடுங்க. இன்னொரு தடவை பயப்பட என்னால ஆகாது."

கட்டில் உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது. மகள் என் பக்கம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"நீங்க கேக்க வந்தப்பவே நினைச்சேன்" என்றாள். "எங்க அப்பா வலதுன்னு எவ்வளவு தடவை சொன்னார் தெரியுமா? நான்தான் சும்மா இருங்கன்னு அதட்டினேன்."

போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

*

நிர்வாக அறையில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டு வாரம். தேவைப்பட்டால் நீட்டிக்கப்படும். பேட்ஜைக் கழற்றிக் கொடுத்தேன்.

அக்கா எக்ஸ்ரே அறையில் பலகையை மேசையில் வைத்து அதன் மூலையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"போய்ப் படுத்துத் தூங்கு. பலகை எங்கயும் போயிடாது."

"சரிக்கா."

"அங்க நின்னுக்கிட்டு இருக்காத. போறப்ப அந்தக் காலண்டரைக் கிழிச்சுட்டுப் போ. மானம் போகுது."

கிழித்தேன். இரண்டு தாள். கசக்கித் தொட்டியில் போட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் வெயில். இருக்கை காலியாக இருந்தது. கம்பத்துக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன். பதினோரு மணிக்குப் போன் வந்தது.

"சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?"

"இல்ல அத்தை."

இந்தப் பதில் அவருக்குப் பழக்கமில்லை.

"ஏன்? உடம்பு ஏதும் சரியில்லையா?"

"வேலைல தப்பு பண்ணிட்டேன். ரெண்டு வாரம் வீட்டுல இருக்கச் சொல்லிட்டாங்க."

"என்ன தப்பு?"

"காலை மாத்திட்டேன். ஒருத்தருக்கு. வலதை இடதுன்னு."

"ஐயையோ. வெட்டிட்டாங்களா?"

"இல்ல. அதுக்குள்ள சொல்லிட்டேன்."

"அப்பாடா." மூச்சு விட்டார். "அப்புறம் என்ன? சொல்லிட்டீங்கல்ல."

ஒரு பஸ் வந்து நின்று போனது. என்னுடையது இல்லை.

"அத்தை, திங்கக்கிழமை நீங்க ஒண்ணு கேட்டீங்க."

"ஆமா. நீங்க ம்முன்னீங்க."

"பீரோ சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. தேடவும் இல்ல."

"அது என்கிட்ட இருக்கு மாப்பிள்ளை." சாதாரணமாகச் சொன்னார். "அவ எதையும் தொலைச்சுடுவான்னு ஒண்ணு நான்தான் வாங்கி வச்சிருந்தேன். ஏழு மாசமா என் பர்ஸ்லதான் கெடக்குது. நீங்களா கேக்கட்டும்னு இருந்தேன். நீங்க கேக்கல. அதான் நானே கேட்டேன்."

கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது.

"நாளைக்கு வரீங்களா?" என்றேன்.

"எத்தனை மணிக்கு வரட்டும்?"

"எப்ப வேணா வாங்க. வீட்டுலதான் இருப்பேன்."

"சாப்பிட்டு இருங்க. வெறும் வயித்தோட நிக்காதீங்க."

என் பஸ் வந்தது. ஏறினேன். பகல் நேரம், உள்ளே ஏகப்பட்ட இடம். நின்றுகொண்டேதான் போனேன். ஆனால் கடைசி நிறுத்தம் வரை போகவில்லை. என் நிறுத்தத்தில் இறங்கினேன்.